சிரிக்கும் பெட்டி

எங்கள் அலுவலகத்தில் தலைவருக்கு மேதை என்று பெயர். ஒரு பத்திரிகைக்காரர் எந்த ஞாபகத்திலோ அப்படி எழுதிவிட்டார். தலைவர் அதை வெட்டிச் சட்டம் போட்டு, தன் மேசைக்கு நேர் எதிரே மாட்டிக்கொண்டார், தனக்கே மறந்துவிடக் கூடாதே என்று. நாங்களும் அன்றிலிருந்து அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம். அவர் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தார், நினைத்துக்கொள்ளட்டும்.

அவர் கண்டுபிடித்ததாகப் பீற்றிக்கொள்ளும் பெட்டியின் உள்பக்கத்தைச் செய்தவள் நான். ஒளியியல் பொறியாளர் என்று என் அடையாள அட்டையில் போட்டிருக்கும். வேலை ஒன்றும் மந்திரம் மாயம் இல்லை. கர்ப்பிணிப் பெண்ணின் சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் ரத்த அழுத்தமும் சேர்ந்து எகிறிக்கொண்டிருக்கலாம். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். இதைப் பார்க்க ஒரு காகிதத் துண்டு இருக்கிறது. நனைத்தால், புரதம் இல்லாவிட்டால் மஞ்சளாகவே இருக்கும். இருந்தால் பச்சையாகும். என் பெட்டி அந்தத் துண்டின் மேல் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கை அடித்து, எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்று ஒரு கண்ணை வைத்து அளக்கும். மஞ்சள் துண்டு சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும், பச்சைத் துண்டு விழுங்கிவிடும். நிறைய வந்தால் நலம், குறைந்தால் ஆபத்து, அவ்வளவுதான். உள்ளங்கையில் அடங்கும், பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகலாம், விலையும் ஒரு ஜோடி செருப்பின் விலைதான். ஆய்வகம் எட்டாத இடங்களுக்கு நல்ல பொருள். சிரத்தையாகத்தான் செய்தேன்.

ஒரே ஒரு நிபந்தனை. பெட்டிக்குள் இருட்டாக இருக்க வேண்டும். அந்தச் சிவப்பு விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் அந்தக் கண்ணில் படக் கூடாது. பச்சைக் குழந்தைக்குச் சொன்னாலும் புரியும். மேதைக்குப் புரியவில்லை.

கறுப்பாகச் செய்து கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், செத்த எலியைத் தூக்குவதுபோல.

“என்னம்மா இது, சவப்பெட்டியா? மருத்துவம்னா வெள்ளை. ஆஸ்பத்திரி வெள்ளை, டாக்டர் கோட்டு வெள்ளை, மாத்திரை வெள்ளை. இதைக் கையில வச்சு போட்டோ எடுத்தா கரிக்கட்டிய வச்சிருக்கிற மாதிரி இருக்கும்.”

“வெள்ளை பிளாஸ்டிக் வெளிச்சத்த உள்ள விடும் சார். டார்ச்ச வாய்க்குள்ள வச்சா கன்னம் செவசெவன்னு தெரியுதுல்ல, அந்த மாதிரி.”

“மூடி இருக்குல்ல?”

“மூடியும் வெள்ளைதானே சார்?”

வெளியே வெள்ளையாக இருக்கட்டும், உள்பக்கம் மட்டுமாவது கறுப்பு அடிக்கலாம் என்றேன். அது கூடுதலாக ஒரு வேலை, விலை ஏறும் என்று கணக்குப் பார்ப்பவர் உதட்டைப் பிதுக்கினார். சரி, விளக்கை அணைத்து ஒரு தடவை, ஏற்றி ஒரு தடவை அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம் என்றேன். முடிவு வரத் தாமதமாகும், மேடையில் பார்க்கிறவர்களுக்குப் பொறுமை இருக்காது என்று அதையும் தள்ளினார்கள். பிறகு வெள்ளைப் பெட்டியைச் சோதித்தார்கள். எங்கே? தரைக்குக் கீழே இருக்கும் எங்கள் சோதனை அறையில். ஜன்னல் வைத்த அறைகளையெல்லாம் மேதையும் அவர் பரிவாரமும் பிடித்துக்கொண்டதால் எங்கள் பங்குக்குக் கிடைத்த பொந்து அது. ஒரே ஒரு குழல் விளக்கு, அதுவும் அழுது வடியும். அங்கே பெட்டி கறுப்பாக இருந்தால் என்ன, வெள்ளையாக இருந்தால் என்ன? எல்லாம் சரியாகத்தான் வந்தது.

“பாத்தியா?” என்றார் மேதை. “சும்மா பூச்சாண்டி காட்டுற.”

“வெயில்ல ஒரு தடவை வச்சுப் பாத்துடலாம் சார்.”

“வெயில்ல காயவைக்க இது என்ன, தொவச்ச துணியா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஒன்று சொன்னால் சிரிக்க வேண்டும், அதற்கும் சேர்த்துத்தான் எங்களுக்குச் சம்பளம். அன்றிலிருந்து எனக்கு இருட்டக்கா என்று பெயர் வைத்தார்கள். அதற்கு மேலும் நான் வாயை மூடவில்லை என்பதால், பாலில் கலப்படம் பார்க்கும் கருவிக்கு என்னைத் தூக்கி அடித்தார்கள்.

என் இடத்துக்கு வந்த புண்ணியவான்கள் பெட்டிக்கு முகம் வைத்தார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். நலமென்றால் மூடியில் ஒரு சிரித்த முகம் ஒளிரும், ஆபத்தென்றால் அழுத முகம். காகிதத் துண்டு வரும் டப்பாவின் மேல் ஒட்டியிருந்த நிற அட்டையை எடுத்துவிட்டார்கள். பெட்டியே பார்த்துச் சொல்லும்போது மனிதர் எதற்குக் கண்ணை உபயோகப்படுத்த வேண்டும்? கடைசியில், இருட்டில் சிலர் துண்டைத் தலைகீழாகச் செருகுகிறார்கள் என்று புகார் வந்ததாம். உடனே பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு வரியை அச்சடித்தார்கள்: ‘நல்ல வெளிச்சத்தில் பயன்படுத்தவும்.’ அதைப் படித்த அன்று என் மேசையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரர் தலைவலியா என்று கேட்டார்.

இந்தப் பெட்டியை விற்கும் பொறுப்பு என் தங்கையின் வீட்டுக்காரருக்கு. ஆமாம், எங்கள் வீட்டு மாப்பிள்ளைதான். வாயாலேயே வீடு கட்டி அதை வாடகைக்கும் விட்டுவிடுவார். கெட்டவர் இல்லை. தங்கை மேல் உயிரையே வைத்திருந்தார், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேதை தும்மினால்கூட அதில் ஏதோ தத்துவம் இருக்கிறது என்று நம்புகிற ஜென்மம். முதலில் சில சுகாதார நிலையங்களுக்குப் பெட்டியைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். இவரே நேரில் போய் ஒவ்வொரு இடத்திலும் நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்தது பெரிய ஒப்பந்தம். அரசாங்கமே நாடு முழுவதற்கும் வாங்கப் போகிறது, திங்கட்கிழமை விழா, மேடையில் கையெழுத்து.

அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், தங்கையைப் பார்க்கப் போனேன்.

அவளுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது, தலைப்பிரசவம். கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகம் உப்பியிருந்தது. கண்ணிரண்டும் உள்ளே போயிருந்தன. கால் செருப்புக்குள் நுழையாமல் குதிகால் வெளியே நின்றது. மோதிரம் விரலுக்குள் புதைந்து கிடந்தது.

“என்னடி இது கோலம்?”

“இந்த நேரத்துல கொஞ்சம் வீங்கத்தான் செய்யுமாம்க்கா. தலைவலிதான் விடவே மாட்டேங்குது.”

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். பதில் அங்கேயிருந்து வந்தது.

“டாக்டரா? எதுக்குக்கா?” மாப்பிள்ளை பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார். “அங்க போனா அரை நாள் வரிசையில உக்காரணும். வீட்டுலயே ஆய்வகம் இருக்கும்போது இவளுக்கு எதுக்கு அந்த அவஸ்தை? தினமும் காலையில நானே பாத்துடறேன். ஒரு நாள் தவறாம சிரிச்ச முகம்! எல்லாத்தையும் வீடியோ எடுத்து வச்சிருக்கேன். நாளைக்கு இவளையும் மேடையில நிறுத்தி, ‘என் மனைவியே எனக்குச் சாட்சி’ன்னு ஆரம்பிக்கப் போறேன். சாரே கைதட்டிட்டாருன்னா பாத்துக்குங்க.”

“எங்க வச்சுப் பாக்குறீங்க?”

“பால்கனியிலதான். வீடியோவுக்கு அங்க வெளிச்சம் சூப்பரா இருக்கும்.”

அவர்கள் வீட்டுப் பால்கனி கிழக்கே பார்த்தது. எதிரே மரமோ கட்டடமோ ஒன்றும் கிடையாது, காலை வெயில் தடையில்லாமல் வந்து விழும்.

“இப்ப ஒரு தடவை பாருங்க, நானும் பாக்குறேன்” என்றேன்.

கேட்டதே போதும் என்று குதித்துக்கொண்டு கிளம்பினார். தங்கை குளியலறைக்குப் போய்க் கிண்ணத்தோடு வந்தாள். துண்டை நனைத்தார், பெட்டிக்குள் தள்ளினார், பால்கனிக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினார். ஈயென்று இளித்தது பெட்டி.

“பாத்தீங்களா?”

நான் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய், கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, மறுபடியும் அழுத்தினேன். அழுத முகம். பால்கனிக்குக் கொண்டுவந்தேன், சிரித்தது. மறுபடி உள்ளே போனேன், அழுதது. மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும் என் பின்னாலேயே வந்தார். தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பைத்தியங்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தாள்.

“அக்கா, உங்களுக்குத் தெரியாதது இல்ல,” என்றார் மாப்பிள்ளை, ரொம்பப் பொறுமையாக. “உள்ள இருட்டா இருக்கு. இருட்டுல அதுக்கு எப்படிக்கா கண்ணு தெரியும்? வெளிச்சத்துல வச்சாத்தானே பாத்து ஒழுங்காச் சொல்லும்? பின்னாலயே எழுதியிருக்கே!”

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இத்தனை பேர் உட்கார்ந்து, இத்தனை பணத்தைக் கொட்டி, விருதுக்கு மேல் விருதாக வாங்கிக் குவித்து, வெயிலடித்தால் ஊரில் எல்லாரும் ஆரோக்கியம் என்று சொல்கிற ஒரு சாமானைச் செய்து வைத்திருக்கிறோம். வெயிலடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள வானத்தை அண்ணாந்து பார்த்தாலே போதுமே.

“வெயில் உள்ள பூந்து அந்தக் கண்ணுல விழுது மாப்பிள்ளை. அது வெயிலப் பாத்துச் சிரிக்குது. உங்க பொண்டாட்டியப் பாத்து இல்ல.”

“வெள்ளை வேணாம்னு நீங்க அப்பவே சண்டை போட்டவங்க. அந்த வயித்தெரிச்சல்ல பேசுறீங்க.”

நான் துண்டை உருவி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். மஞ்சளாக இருக்க வேண்டிய துண்டு பாசி பிடித்த பச்சையாக இருந்தது.

“கண்ணு இருக்குல்ல? பாத்துச் சொல்லுங்க, இது என்ன நிறம்?”

பார்த்தார். அத்தனை நாளும் துண்டை நனைத்து, உள்ளே தள்ளி, முகம் சிரித்ததும் உருவிக் குப்பையில் போட்டவர், முதல் தடவையாக ஒரு துண்டைப் பார்த்தார். கை தானாகப் போனை எடுத்தது. மேதையைக் கேட்காமல் இவருக்குக் கொட்டாவிகூட வராது.

எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைச் சொன்னார். மேதையின் குரல் பதறவே இல்லை.

“ரெண்டு விதமா காட்டுதுன்னா ரெண்டுல ஒண்ணு தப்பு. சரிதானே? தினமும் எது காட்டுதோ அதுதான் சரி. இதுக்குப் போய் ஞாயித்துக்கிழமை கூப்பிடுற. நாளைக்கு அந்தப் பொண்ண நல்லா உடுத்திக்கிட்டு வரச் சொல்லு.”

போனை வைத்துவிட்டு மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். “நாளைக்கு ஒரு நாள்தானேக்கா. விழா முடிஞ்ச கையோட நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு...”

“அக்கா.” தங்கை சுவரோடு சரிந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். “கண்ணு முன்னாடி என்னமோ மின்னுதுக்கா. உன் மூஞ்சி பாதிதான் தெரியுது.”

அதற்கப்புறம் நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அவளைத் தூக்கி நிறுத்தி, படியில் இறக்கி, கிடைத்த வண்டியில் ஏற்றினேன். மாப்பிள்ளை இடது வலது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். கையில் அந்தப் பெட்டி. அதை எதற்கு எடுத்துக்கொண்டு வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தங்கையின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். எண்ணைப் பார்த்தார், நம்பாமல் மறுபடியும் அடித்தார். ஒரு காகிதத் துண்டை நனைத்துத் தூக்கிப் பிடித்துத் தன் கண்ணால் பார்த்தார். பெட்டி கிட்டி ஒன்றும் இல்லை. உடனே டாக்டரம்மா வந்துவிட்டார்.

“செக்கப்புக்கு எங்க போய்க்கிட்டிருந்தீங்க?”

மாப்பிள்ளையின் கை சட்டைப்பைக்குப் போனது. பெட்டியை வெளியே எடுக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும். இப்பவே குழந்தைய எடுத்தாகணும். எடுத்தாலும் ரெண்டு பேரும் பிழைப்பாங்கன்னு நான் இப்ப சொல்ல முடியாது” என்றார் டாக்டரம்மா. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மாப்பிள்ளையைப் பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கைக்குட்டையில் சுற்றிவிடலாம் போல இருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே படுக்க வைத்திருந்தார்கள். அது நல்ல பெட்டி, யாரோ வேலை தெரிந்தவர்கள் செய்தது. அதன் பக்கத்தில் நின்று, அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் வேண்டாத தெய்வம் பாக்கியில்லை.

மறுநாள் காலையில் தங்கை கண்ணைத் திறந்தாள். இரண்டு பேரும் தாண்டிவிடுவார்கள் என்று டாக்டரம்மா அப்போதுதான் வாயைத் திறந்து சொன்னார். மாப்பிள்ளை கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார், அந்த வியாதி அவரை விடவில்லை.

“எங்கய்யா இருக்க? மேடை போட்டாச்சு, அதிகாரி கிளம்பிட்டாங்க!”

மாப்பிள்ளை நடந்ததைச் சொன்னார். குரல் உடைந்து உடைந்து வந்தது. என்ன இருந்தாலும் மனுஷன்தானே, ஒரு வார்த்தை வருத்தப்படுவான் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

“அடேயப்பா! அப்ப நம்ம பெட்டிதானே கண்டுபிடிச்சிருக்கு! அழுத முகம் காட்டிச்சுன்னு நேத்து நீதானே சொன்ன? தாயையும் பிள்ளையையும் காப்பாத்தின பெட்டி! வேற என்னய்யா வேணும் நமக்கு? ஒரு மணி நேரம் வந்து இதை மட்டும் சொல்லிட்டுப் போயிடு.”

“சார்... அது குளியலறையிலதான் சார் அழுதுச்சு.”

“எந்த அறைன்னு யாருய்யா கேக்கப் போறா?”

போனை வைத்துவிட்டு மாப்பிள்ளை எழுந்தார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டார், தலையைக் கோதிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிலில் கிடப்பவளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“ஒரு மணி நேரத்துல வந்துடறேன்மா” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

தங்கைக்குப் பேசத் தெம்பே இல்லை. உதட்டை நனைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

“தலை வலிக்குதுன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?”

“ம்.”

“என்ன சொன்னீங்க?”

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

“பெட்டி சிரிக்குதேன்னு சொன்னீங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “நான் சிரிக்கலையே. என் மூஞ்சியும் அங்கதானே இருந்துச்சு. ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கலாமே.”

கோபமாகக் கத்தியிருந்தால் அவர் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவள் கத்தவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள்போலக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

“அழுதது போதும்,” என்றேன். “அந்தச் சுகாதார நிலையத்து நர்ஸுங்களுக்கெல்லாம் பெட்டிய எங்க வைக்கணும்னு சொல்லிக் குடுத்தது யாரு?”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மெல்ல மெல்லத்தான் அவருக்கு உறைத்தது. போனில் ஒரு எண்ணைத் தேடிப் போட்டார்.

“சிஸ்டர், நான்தான், பெட்டிக் கம்பெனியிலேருந்து...”

“சார்! நல்லா இருக்கீங்களா? இன்னிக்கு விழாவாமே!”

“சிஸ்டர், அந்தப் பெட்டிய எங்க வச்சுப் பாக்குறீங்க?”

“வாசல்லதான் சார். உள்ள வெளிச்சம் பத்தாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? மேசையையே தூக்கி வெளியில போட்டுட்டோம்.” அந்தம்மா குரலில் அவ்வளவு பெருமை. “எல்லாருக்கும் சிரிச்ச முகம்தான் சார். இதுவரைக்கும் ஒருத்தருக்குக்கூட அழுத முகம் வரல.”

“எல்லாரையும் திரும்பக் கூப்பிடுங்க சிஸ்டர்.” மாப்பிள்ளை ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார். “இன்னிக்கே. ஒருத்தர் விடாம. பெட்டி சொல்றது பொய். நான் சொல்லிக் குடுத்தது தப்பு.”

அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு குழந்தையை அதட்டும் சத்தம் கேட்டது. நர்ஸின் குரல் இறங்கிவிட்டிருந்தது.

“ஐயோ, என்ன சார் இப்பச் சொல்றீங்க? போன வாரம் ஒரு பொண்ணு தலை ரொம்ப வலிக்குதுன்னு வந்துச்சு. பெட்டி சிரிக்குதே, ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லி அனுப்பிட்டேனே.”